சேரிங் கிராஸ் என்னும் திருப்பம்

ஊட்டிக்குப் போனவர்களில் சேரிங்கிராஸைத் தாண்டாதவர்கள் மிகக் குறைவு. கமர்சியல் ரோட்டிலிருந்து தாவரவியல் பூங்காவுக்குப் போகிற வழியில், ஆடம்ஸ் நீரூற்று நிற்கும் சந்திப்பு அது. சென்னை மாகாண கவர்னராக இருந்து, பதவிக்காலத்திலேயே 1881இல் ஊட்டியில் இறந்த வில்லியம் பேட்ரிக் ஆடமின் நினைவாக எழுப்பிய நீரூற்று. நீரூற்றின் பெயர் எப்படி வந்தது என்று யாரும் சொல்லிவிடுவார்கள். சந்திப்பின் பெயர் எப்படி வந்தது என்று கேட்டால், லண்டனில் அப்படி ஓர் இடம் இருக்கிறது, வெள்ளைக்காரர்கள் அதை இங்கே கொண்டுவந்து வைத்தார்கள் என்பதோடு பேச்சு நின்றுவிடும். லாகூரிலும் ஒன்று வைத்தார்கள். ‘கிராஸ்’ என்றதும் சாலைகள் குறுக்கிடும் இடம் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். லண்டனில் அது கல்லால் ஆன ஒரு சிலுவைத் தூண். ‘சேரிங்’ என்பது என்ன? லண்டன்காரர்களிலேயே பலர் இதற்கு ஓர் அழகான விடை வைத்திருக்கிறார்கள். அந்த விடை தவறு.

லண்டன் போகிறவர்கள் சேரிங் கிராஸ் சுரங்க ரயில் நிலையத்தில் ஒருமுறையாவது இறங்கியே தீர வேண்டியிருக்கும். டிரஃபால்கர் சதுக்கம், தேசிய ஓவியக்கூடம், புத்தகக் கடைகளுக்குப் பேர்போன சேரிங் கிராஸ் சாலை எல்லாம் அங்கிருந்து எட்டும் தொலைவு. வழிகாட்டிப் புத்தகங்கள் வெளிவாசல்களின் எண்ணைச் சொல்கின்றன. நான் இங்கே அந்த நிலையத்தைப் பெயரைப் பிடித்துக்கொண்டு சுற்றிக்காட்ட விரும்புகிறேன். ஏனென்றால் ஒரு பெயரை இத்தனை தடவை பெயர்த்து, பக்கத்து நிலையத்துக்கு மாற்றி, மறுபடி வாங்கிக்கொண்ட நிலையம் லண்டனில் வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

முதலில் அந்த அழகான விடை. இங்கிலாந்தின் முதலாம் எட்வர்ட் மன்னனுடைய அரசி எலினோர், ஸ்பெயினின் காஸ்டீல் நாட்டு இளவரசியாகப் பிறந்தவள். 1254இல் திருமணம். சிலுவைப் போருக்கும் கணவனோடு கடல் கடந்து போனவள். 1290 நவம்பர் 28 அன்று லிங்கன் நகருக்கு அருகே ஹார்பி என்ற ஊரில் இறந்தாள். உடலை லண்டனுக்கு எடுத்து வந்து வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். வழியில் இரவு தங்கிய இடங்களில் எல்லாம் ஒரு நினைவுச் சிலுவை எழுப்பும்படி மன்னன் ஆணையிட்டான். மொத்தம் 12. கடைசிச் சிலுவை நின்ற இடம்தான் சேரிங். மன்னனும் அவையும் பேசியது பிரெஞ்சு. ‘ஷேர் ரெய்ன்’ என்றால் பிரெஞ்சில் ‘அன்பான அரசி’. அதுதான் ஆங்கில வாயில் தேய்ந்து சேரிங் ஆயிற்று என்பது கதை.

கேட்டவுடன் மனம் ஒப்புக்கொள்கிற கதை. மனைவியை இழந்த மன்னனின் துயரம் உண்மை. 12 சிலுவைகளும் உண்மை. அவற்றுள் கெடிங்டன், ஹார்டிங்ஸ்டோன், வால்தம் ஆகிய மூன்று ஊர்களில் நின்றவை இன்னும் இருக்கின்றன. இத்தனை உண்மைகளுக்கு நடுவே ஒரு பொய் உட்கார்ந்திருப்பதால் அதைப் பிரித்தெடுப்பது கடினமாகிறது. ஆனால் அரசி இறப்பதற்குக் குறைந்தது நூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் குக்கிராமத்தின் பெயர் சேரிங் என்று ஆவணங்களில் இருக்கிறது. சிலுவைக்குத்தான் அரசி காரணம். சேரிங்குக்கு அவள் காரணம் இல்லை.

சேரிங்கின் வேர் பழைய ஆங்கிலத்தில் இருக்கிறது. ‘சியர்ரிங்’ என்றால் திரும்புதல், திருப்பம், வளைவு. ‘சியர்ரன்’ என்ற வினைச்சொல்லிலிருந்து பிறந்தது. அந்த வினை இன்றைய ஆங்கிலத்தில் செத்துவிட்டது. அந்த இடத்தை ‘டர்ன்’ பிடித்துக்கொண்டது. ஆனால் அதன் பிள்ளைகள் வேறு வேறு வீடுகளில் உயிரோடு இருக்கிறார்கள். கதவு பாதி திறந்து ஒருக்களித்து நின்றால் ஆங்கிலத்தில் ‘அஜார்’ என்பார்கள். ‘ஆன் சார்’, அதாவது திரும்பிய நிலையில் என்பதன் திரிபு அது. வீட்டு வேலைக்கு வருகிற பெண்ணை ஒரு தலைமுறைக்கு முன்புவரை ‘சார்வுமன்’ என்றார்கள். அன்றாட வீட்டு வேலையை இன்றும் ‘சோர்’ என்கிறார்கள். திருப்பம் என்ற சொல் வேலை என்று பொருள் கொண்டது எப்படி என்று ஆங்கிலேயர்களுக்கு விளக்க வேண்டியிருக்கும். நமக்கு விளக்கம் வேண்டாம். ஒரே வளவில் பல குடித்தனங்கள் இருந்த காலத்தில் வாசல் பெருக்கித் தண்ணீர் தெளிக்கும் வேலையை முறைவாசல் என்றோம். சுற்றிச் சுற்றித் திரும்பி வருவதால் அது முறை. முறைக்கு வருவதால் அது வேலை. ‘இன்றைக்கு முறைவாசல் யாருடையது’ என்று கேட்கிற வீட்டில் வளர்ந்தவருக்கு, லண்டனின் பெரிய ரயில் நிலையமும் ஆங்கில வீட்டின் அன்றாட வேலையும் ஒரே சொல்லின் வழிவந்தவை என்பது வியப்பாக இராது.

எதன் திருப்பம்? இதில் ஆய்வாளர்களிடையே இரண்டு பேச்சு உண்டு. வெஸ்ட்மின்ஸ்டரைத் தாண்டி வடக்கு நோக்கி வரும் தேம்ஸ் ஆறு, சரியாக இந்த இடத்தில் கிழக்கே திரும்புகிறது. அந்த ஆற்று வளைவே சேரிங் என்பது ஒரு பேச்சு. லண்டனிலிருந்து மேற்கே போன பழைய சாலை இங்கே திரும்பியது, அதுதான் காரணம் என்பது இன்னொன்று. வரைபடத்தைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று பகை இல்லை என்று தோன்றுகிறது. ஆறு வளைந்ததால்தான் கரையை ஒட்டிய பாதையும் வளைந்தது. படகில் வந்தவருக்கும் நடந்து வந்தவருக்கும் அதே இடம்தான் திருப்பம். அங்கே வாழ்ந்த குடியானவர்களும் படகோட்டிகளும் கண்ணால் கண்டதைப் பெயராக வைத்தார்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு மன்னனும் தேவைப்படவில்லை.

இதை நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் நிலையத்தின் டிரஃபால்கர் சதுக்கப் பக்கத்து வாசலில் ஏறி, சதுக்கத்தின் தெற்கே உள்ள சாலைத் திட்டுக்குப் போக வேண்டும். குதிரை மேல் முதலாம் சார்லஸ் மன்னனின் வெண்கலச் சிலை நிற்கும். பழைய சிலுவை நின்றது அந்தத் திட்டில்தான். கிழக்கிலிருந்து ஸ்ட்ராண்ட் தெரு வந்து சேர்வதையும், தெற்கே ஒயிட்ஹால் பிரிந்து போவதையும் அங்கே நின்று ஒரே பார்வையில் பார்க்கலாம். அந்தக் கோணம்தான் சேரிங்.

அரசியின் சிலுவை 12இலும் அதிகச் செலவு பிடித்தது இங்கே நின்றதுதான். ரிச்சர்ட் க்ரண்டேல் என்ற அரசக் கொத்தர் 1291இல் தொடங்கினார். உருவங்களை வடித்தவர் அபிங்டன் ஊர் அலெக்சாண்டர். மூன்றரை நூற்றாண்டு நின்ற அதை, உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1647இல் நாடாளுமன்றம் இடிக்கச் சொன்னது. இடித்து இரண்டு ஆண்டுக்குள் மன்னன் சார்லஸின் தலையும் போனது. அவனுடைய குதிரைச் சிலையை உபேர் லெ சூயர் என்ற பிரெஞ்சுச் சிற்பி 1633இலேயே வார்த்து முடித்திருந்தார். அதை உருக்கிவிடும்படி சொல்லி ரிவெட் என்ற பித்தளைக் கன்னாரிடம் விற்றார்கள். அவர் உருக்காமல் ஒளித்துவைத்துவிட்டு, சிலையின் உலோகத்தில் செய்தவை என்று சொல்லிக் கத்திப் பிடிகளை விற்றாராம். மன்னராட்சி திரும்பியதும் 1660இல், மன்னனின் மரண ஆணையில் கையெழுத்திட்டவர்கள் சிலரை, சிலுவை இருந்து வெறுமையான அதே இடத்தில் கொன்றார்கள். 1675இல் சிலை அங்கே ஏறியது. சார்லஸ், தன் தலை விழுந்த ஒயிட்ஹாலைப் பார்த்தபடி இருக்கிறான்.

சிலையின் பின்புறம் தரையில் ஒரு பலகை பதித்திருக்கிறார்கள். லண்டனிலிருந்து எந்த ஊருக்கும் தொலைவை அளப்பது அந்த இடத்திலிருந்துதான் என்று அது சொல்கிறது. லண்டன் டாக்ஸி ஓட்டுநர்கள் உரிமம் பெற எழுதும் புகழ்பெற்ற தேர்வில் தெருக்களை மனப்பாடம் செய்ய வேண்டிய வட்டமும் சேரிங் கிராஸை மையமாகக் கொண்ட ஆறு மைல் வட்டம். ஒரு நாட்டின் தலைநகரை அளக்கத் தொடங்குகிற புள்ளிக்கு ‘திருப்பம்’ என்று பெயர் இருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

திரும்பிப் பார்த்தால் டிரஃபால்கர் சதுக்கம். நிலையத்தின் ஒரு பாதி நீண்ட காலம் இந்தப் பெயரில் இருந்ததால் அதையும் சொல்லிவிடுகிறேன். 1805 அக்டோபர் 21 அன்று ஸ்பெயினின் தென்மேற்கு முனைக்கு அருகே நடந்த கடற்போரின் நினைவு இது. அந்த முனைக்குப் பெயர் வைத்தவர்கள் அரபு பேசியவர்கள். ‘தரஃப்’ என்றால் அவர்கள் மொழியில் முனை. மீதியை ‘மேற்கு’ என்று சிலரும் ‘குகை’ என்று சிலரும் கொள்கிறார்கள். சதுக்கம் வருவதற்கு முன்பு அந்த நிலத்தில் இருந்தது அரசரின் ‘மியூஸ்’. வல்லூறுகள் இறகு உதிர்க்கும் பருவத்தில் அவற்றை அடைத்துவைத்த இடம். இறகு உதிர்ப்பதற்கான சொல்லே கட்டடத்தின் பெயர். 1534இல் அது தீப்பிடித்து எரிந்தது. திரும்பக் கட்டியபோது குதிரை லாயமாகக் கட்டினார்கள், பெயரை மாற்றவில்லை. அதன்பின் லண்டனில் எந்த லாயமும் மியூஸ் ஆனது. இன்று லாயங்கள் வீடுகளாகிவிட்டன, விலை உயர்ந்த சந்துகளின் பெயர்ப்பலகையில் மியூஸ் நிற்கிறது. பறவையிலிருந்து குதிரைக்கும், குதிரையிலிருந்து மனிதனுக்கும் அந்தச் சொல் இடம்பெயர்ந்தது சேரிங்கிலிருந்துதான்.

இனி ரயில். 1864 ஜனவரி 11 அன்று சவுத் ஈஸ்டர்ன் ரயில்வே கம்பெனி தன் முனையத்தை இங்கே திறந்தது. ஹங்கர்ஃபோர்டு சந்தை இருந்த இடம் அது. சர் ஜான் ஹாக்ஷா நிலையத்தை வடிவமைத்தார். முகப்பில் உள்ள ஓட்டல், எட்வர்ட் மிடில்டன் பேரி என்ற கட்டடக்கலைஞர் வடிவமைத்தது. பேரி இன்னொன்றும் செய்தார். இடித்த சிலுவையை நினைவூட்ட, நிலையத்தின் முன்முற்றத்தில் சுமார் 70 அடி உயரத்தில் புதிதாக ஒன்று எழுப்பினார். 1865இல் முடிந்தது, செதுக்கியவர் தாமஸ் எர்ப். ஸ்ட்ராண்ட் பக்க வாசலில் ஏறினால் நேரே கண்ணில் படுவது அதுதான். பல பயணிகள் அதைத்தான் 1290களின் சிலுவை என்று எண்ணிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அது விக்டோரியா காலத்துச் சிலுவை, நிற்பதும் பழைய இடத்தில் இல்லை. ஆனாலும் அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இடித்து 218 ஆண்டுகளுக்குப் பிறகு, சிலுவை இல்லாத சிலுவைப் பெயரோடு ஓர் ஊர் நின்றிருந்தபோது, ஒரு ரயில் கம்பெனி பெயருக்கு உரிய பொருளைத் திருப்பிக் கட்டித் தந்தது. ‘அன்பான அரசி’ கதை இவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததில் இந்தத் தூணுக்கும் பங்கு இருக்கும் என்று நினைக்கிறேன். எட்டு எலினோர்கள் அதன் மேல் நிற்கிறார்கள். ஆற்று வளைவுக்கு அப்படி ஒரு தூண் இல்லை.

தரைக்கு மேலே நடந்தது இவ்வளவு. தரைக்குக் கீழேதான் பெயர் ஊர்சுற்றத் தொடங்கியது.

1870 மே 30 அன்று டிஸ்ட்ரிக்ட் ரயில்வே, ஆற்றங்கரையில் சேரிங் கிராஸ் என்ற பெயரில் ஒரு நிலையம் திறந்தது. இன்றைய சேரிங் கிராஸ் அது இல்லை. வில்லியர்ஸ் தெருவில் இறங்கிப் போனால் வரும் இன்றைய எம்பேங்க்மென்ட் நிலையம். 1906 மார்ச் 10 அன்று பேக்கர் ஸ்ட்ரீட் அண்ட் வாட்டர்லூ ரயில்வே வந்தது. அது டிஸ்ட்ரிக்ட் நிலையத்துக்கு அடியிலேயே தன் நிலையத்தைத் திறந்து, அதற்கு ‘எம்பேங்க்மென்ட்’ என்று பெயர் வைத்தது. அதே நாளில் அடுத்த நிறுத்தமாக ‘டிரஃபால்கர் ஸ்கொயர்’ திறந்தது. 1907 ஜூன் 22 அன்று, இன்றைய நார்தர்ன் பாதையின் ஒரு பகுதியான ஹாம்ப்ஸ்டெட் பாதை வந்தது. பெரிய ரயில் நிலையத்தின் முற்றத்துக்குக் கீழே அதன் தெற்கு முனையம். அதுவும் தன்னைச் சேரிங் கிராஸ் என்றது. ஆக ஒரே பெயரில் இரண்டு நிலையங்கள். ஒரே இடத்துக்கு இரண்டு பெயர்கள். போட்டிக் கம்பெனிகள் தோண்டிய காலம், ஒருவரை ஒருவர் கேட்டுப் பெயர் வைக்கவில்லை.

அந்த முற்றத்துக்குக் கீழே தோண்ட முடிந்ததற்குப் பின்னால் ஒரு துயரம் உண்டு. 1905 டிசம்பர் 5 அன்று மேலே ரயில் நிலையத்தின் கூரை சரிந்து ஆறு பேர் இறந்தார்கள். நிலையம் மூடிக் கிடந்த காலத்தைப் பயன்படுத்திக்கொண்டு முற்றத்தை மேலிருந்தே தோண்டினார்கள்.

1914 ஏப்ரல் 6 அன்று ஹாம்ப்ஸ்டெட் பாதையை ஒரு நிறுத்தம் தெற்கே நீட்டி ஆற்றங்கரை நிலையத்தோடு இணைத்தபோது குழப்பத்தைத் தீர்க்கப் பார்த்தார்கள். ஸ்ட்ராண்ட் பக்கம் மேலே இருந்தது ‘சேரிங் கிராஸ் (ஸ்ட்ராண்ட்)’ ஆனது, ஆற்றங்கரையில் கீழே இருந்தது ‘சேரிங் கிராஸ் (எம்பேங்க்மென்ட்)’ ஆனது. இது ஓராண்டு சொச்சம்தான் நீடித்தது. 1915 மே 9 அன்று மேலே இருந்தது வெறும் ‘ஸ்ட்ராண்ட்’. கீழே இருந்தது வெறும் ‘சேரிங் கிராஸ்’. பிக்காடில்லி பாதையின் கிளையில் ஏற்கெனவே ஸ்ட்ராண்ட் என்று ஒரு நிலையம் இருந்தது. பெயரைக் காலி செய்துகொடுத்துவிட்டு அது அன்றே ‘ஆல்ட்விச்’ ஆனது. (‘பழைய குடியிருப்பு’ என்று பொருள். அந்தப் பகுதியில்தான் சாக்சன்களின் லண்டன் இருந்தது என்று தொல்லியலாளர்கள் உறுதிசெய்தது 1980களில். பெயர் அதை முன்பே சொல்லிக்கொண்டிருந்தது.)

இந்த ஏற்பாடு அறுபது ஆண்டு தாங்கியது. 1973க்கு முந்தைய லண்டன் நாவலில் ஒருவர் ‘ஸ்ட்ராண்ட் நிலையத்தில் இறங்கினார்’ என்று வந்தால் பெரும்பாலும் அது இன்றைய சேரிங் கிராஸ். ‘சேரிங் கிராஸ் சுரங்க நிலையத்தில் சந்தித்தார்கள்’ என்று வந்தால் அது இன்றைய எம்பேங்க்மென்ட். நாவலைக் கையில் வைத்துக்கொண்டு லண்டனில் நடக்க விரும்புகிற வாசகர்களுக்கு இது முக்கியம். இரண்டுக்கும் நடுவே ஒரு தெரு முழுதும் இருக்கிறது.

1973 ஜூன் 16 அன்று புதிய பாதைக்குத் தோண்டுவதற்காக ஸ்ட்ராண்டை மூடினார்கள். ஸ்ட்ராண்டையும் டிரஃபால்கர் ஸ்கொயரையும் பூமிக்கடியில் இணைத்து, இரண்டுக்கும் சேர்த்துச் சேரிங் கிராஸ் என்று பெயரிடத் திட்டம். அதற்கு முதலில் ஆற்றங்கரை நிலையத்திடமிருந்து பெயரை வாங்க வேண்டும். பயணிகள் தடுமாறாதிருக்கப் படிப்படியாக வாங்கினார்கள். 1974இல் அது ‘சேரிங் கிராஸ் எம்பேங்க்மென்ட்’. 1976இல் ‘எம்பேங்க்மென்ட்’ மட்டும். அதன்பின் இரண்டரை ஆண்டுக்கும் மேலாக லண்டன் சுரங்க ரயிலில் சேரிங் கிராஸ் என்ற பெயரில் நிலையமே இல்லை. 1979 மே 1 அன்று இணைந்த நிலையம் அந்தப் பெயரோடு திறந்தது.

இந்த அட்டவணையைச் சலித்துப்போகாமல் ஒருமுறை திரும்பப் பாருங்கள். எழுபது ஆண்டு இடம் மாறி மாறி உட்கார்ந்த பெயர்கள் முக்கியமாக மூன்று: சேரிங், ஸ்ட்ராண்ட், எம்பேங்க்மென்ட். சேரிங் என்றால் வளைவு. ஸ்ட்ராண்ட் என்றால் பழைய ஆங்கிலத்தில் கரை. ஜெர்மானியர்கள் இன்றும் கடற்கரையை அப்படித்தான் சொல்கிறார்கள். கப்பல் தரைதட்டினால் ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ராண்டட்’. எம்பேங்க்மென்ட் என்றால் கட்டிய கரை. மூன்றும் தேம்ஸுக்கு வைத்த பெயர்கள். ஆறு எப்படிப் போயிற்று, எதைத் தொட்டுக்கொண்டு போயிற்று, கடைசியில் மனிதன் அதை எங்கே நிறுத்தினான் என்ற மூன்று நிலையும் அவற்றில் இருக்கின்றன. ரயில் கம்பெனிகள் எந்தப் பெயரை எங்கே மாற்றி வைத்தாலும் ஆற்றை விட்டு வெளியே போக முடியவில்லை.

நிறுத்தியவர் ஜோசப் பேசல்கெட். 1858 கோடையில் தேம்ஸின் கழிவு நாற்றம் நாடாளுமன்றத்தையே எழுந்து ஓடவைக்கப் பார்த்தது. அதன் விளைவாக அவர் கட்டிய பெரும் கழிவுநீர்த் திட்டத்தின் ஒரு பகுதியே விக்டோரியா எம்பேங்க்மென்ட். ஆற்றின் ஓரத்தைத் தூர்த்து, உள்ளே கழிவுநீர்க் குழாயையும் டிஸ்ட்ரிக்ட் ரயிலின் சுரங்கத்தையும் வைத்து, மேலே சாலையும் பூங்காவும் போட்டார். 1870இல் திறந்தது. வில்லியர்ஸ் தெருவில் இறங்கி இடப்பக்கம் பூங்காவுக்குள் போனால் 1626இல் கட்டிய யார்க் மாளிகையின் படித்துறை வாசல் நிற்கும். அன்று அதன் படியில் ஆறு மோதியது. இன்று அதற்கும் ஆற்றுக்கும் நடுவே சுமார் 150 கெஜம் தரை. அந்த மாளிகையை வைத்திருந்தவர் பக்கிங்ஹாம் பிரபு ஜார்ஜ் வில்லியர்ஸ். அடுத்த பிரபு இடத்தை விற்றபோது தன் பெயரும் பட்டமும் ஒரு சொல் விடாமல் தெருக்களில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார். ஜார்ஜ், வில்லியர்ஸ், டியூக், பக்கிங்ஹாம் என்று தெருக்கள் வந்தன. நடுவில் வேற்றுமை உருபு ஒன்று பாக்கி இருந்தது. அதற்கும் ஒரு சந்து கிடைத்தது: ‘ஆஃப்’ சந்து. அது இப்போது யார்க் பிளேஸ்.

எம்பேங்க்மென்ட் நிலையத்துக்குள் போய், நார்தர்ன் பாதையில் வடக்கே போகிற ரயிலின் நடைமேடைக்கு இறங்குங்கள். நடைமேடை வில்லாக வளைந்திருக்கும். 1914இல் ஹாம்ப்ஸ்டெட் பாதையை இங்கே முடித்தபோது, ரயில்கள் திரும்பிப் போக ஆற்றுக்கு அடியில் ஒரு வளையம் தோண்டினார்கள். நடைமேடை அந்த வளையத்தின் மேல் இருந்தது. 1926இல் பாதை ஆற்றைத் தாண்டித் தெற்கே கென்னிங்டன் வரை போனதும் வளையம் பயனற்றுப்போனது. வளைந்த நடைமேடை மட்டும் தங்கிவிட்டது. ஆறு திரும்புகிற அதே இடத்தில் ரயிலும் திரும்ப நேர்ந்தது. பெட்டி நேரானது, மேடை வளைந்தது. நடுவே இடைவெளி விழும். அதனால் ‘மைண்ட் த கேப்’ என்ற எச்சரிக்கை இங்கே வேண்டியிருக்கிறது. நடிகர் ஆஸ்வால்ட் லாரன்ஸின் குரலில் பதிவான பழைய எச்சரிக்கை மற்ற நிலையங்களில் படிப்படியாக மறைந்து, கடைசியாக இந்த மேடையிலும் 2012இல் நின்றது. அவர் இறந்த பின் அந்தக் குரலைக் கேட்கவே இங்கே வந்துகொண்டிருந்த அவருடைய மனைவி கேட்டுக்கொண்டதால் 2013இல் திரும்ப ஒலிக்கவிட்டார்கள்.

மறுபடி சேரிங் கிராஸுக்கு வருவோம். அதன் நார்தர்ன் நடைமேடைகள்தான் இந்த நிலையத்தில் கட்டாயம் பார்க்க வேண்டியவை. டேவிட் ஜென்டில்மன் மரத்தில் செதுக்கிய ஓவியங்களை இருபது மடங்கு பெரிதாக்கி, மேடையின் நீளம் முழுக்க 1979இல் பதித்திருக்கிறார்கள். கறுப்பு வெள்ளை. பொருள், எலினோரின் சிலுவை. ஆனால் அவர் அரசியின் துயரக் கதையைச் சொல்ல உட்காரவில்லை. கல் உடைப்பவர்கள், கொத்தர்கள், சுண்ணாம்பு குழைப்பவர்கள், தச்சர்கள், சாரம் கட்டுகிறவர்கள், குதிரைக்காரர்கள், படகுக்காரர்கள், கூலியாட்கள் எல்லாரும் சுவர் நெடுக வேலை செய்கிறார்கள். ரயிலுக்காக நிற்கிறவரின் தோள் உயரத்துக்கு அவர்கள் நிற்கிறார்கள். பெயரின் இரண்டாம் பாதியைக் கையால் கட்டியவர்களுக்கு லண்டன் செய்த மரியாதைகளில் இதற்கு மேலானது எனக்குத் தெரியவில்லை. முதற்பாதியை வைத்தவர்களும் இப்படிப்பட்ட ஆட்கள்தான்.

1979இல் இங்கே வந்து சேர்ந்த புதிய பாதைக்கும் ஒரு பெயர்க்கதை உண்டு. திட்டமிட்டபோது அதன் பெயர் ஃப்ளீட். லண்டனில் புதைந்து ஓடும் ஃப்ளீட் ஆற்றின் பெயர். பழைய ஆங்கிலத்தில் கழி, ஓடை என்று பொருள். வளைவு, கரை, அணைக்கரை வரிசையில் நான்காவதாக அது வந்திருக்க வேண்டும். 1977 அரசி எலிசபெத்தின் ஆட்சிக்கு வெள்ளிவிழா. பாதைக்கு ‘ஜூபிலி’ என்று பெயர் மாற்றினார்கள். ஏழு நூற்றாண்டுக்கு முன் ஓர் அரசியின் நினைவு ஆற்று வளைவின் பொருளை மறைத்ததுபோல, அதே நிலையத்துக்கு வந்த பாதையிலும் ஓர் அரசியின் விழா ஓர் ஆற்றை ஓரங்கட்டியது. முன்னது மக்கள் வாயில் தானாக நடந்தது. பின்னது அறிவிப்போடு நடந்தது. எனக்கு ஃப்ளீட் என்றே இருந்திருக்கலாம் என்று படுகிறது. அந்த ஜூபிலி மேடைகளும் இருபதாண்டுதான் ஓடின. 1999 நவம்பரில் பாதை வெஸ்ட்மின்ஸ்டர் வழியாகத் திரும்பிவிட, அவை மூடப்பட்டன. 2012இல் வந்த ‘ஸ்கைஃபால்’ ஜேம்ஸ் பாண்ட் படத்தின் சுரங்கக் காட்சிகளை அங்கே எடுத்தார்கள். லண்டன் போக்குவரத்து அருங்காட்சியகம் நடத்தும் மறைந்த லண்டன் சுற்றுலாவில் முன்பதிவு செய்து உள்ளே போய்ப் பார்க்கலாம்.

போகிற போக்கில் இன்னொரு நிலையம். டிரஃபால்கர் ஸ்கொயரைத் திறந்த பேக்கர் ஸ்ட்ரீட் அண்ட் வாட்டர்லூ ரயில்வேயின் நீண்ட பெயரைப் பத்திரிகைக்காரர் ஒருவர் ‘பேக்கர்லூ’ என்று சுருக்க, 1906இலேயே அது அதிகாரப்பூர்வமாகிவிட்டது. அந்தப் பாதையின் தெற்கு முனை ‘எலிஃபன்ட் அண்ட் காசில்’. இதற்கும் ஒரு கதை சொல்கிறார்கள்: காஸ்டீல் இளவரசி என்று பொருள்படும் ஸ்பானியத் தொடர்தான் ஆங்கில வாயில் எலிஃபன்ட் அண்ட் காசில் ஆயிற்றாம். அந்த இளவரசி யார் என்று கேட்டால் பலர் எலினோரையே கைகாட்டுகிறார்கள். ஒரே பாதையில் இரண்டு நிலையங்களை அவள் கணக்கில் எழுதியிருக்கிறார்கள், இரண்டும் அவளுடையவை அல்ல. இந்தப் பெயர் அங்கிருந்த ஒரு விடுதியின் பெயர்ப்பலகையிலிருந்து வந்தது. 1765ஆம் ஆண்டு ஆவணத்தில் விடுதி இருக்கிறது. கத்தி செய்வோர் சங்கத்தின் முத்திரையில் முதுகில் கோட்டை சுமக்கும் யானை உண்டு. கத்திப் பிடிக்குத் தந்தம் வேண்டுமல்லவா. பலகையின் மூலம் அதுவாக இருக்கலாம் என்கிறார்கள். யானை மேல் கோட்டை என்று ஐரோப்பா வரைந்தது நம் அம்பாரியைத்தான்.

கடைசியாக, வழி. பேக்கர்லூவிலிருந்து நார்தர்ன் பாதைக்கு மாற வேண்டியவர்கள் சேரிங் கிராஸில் இறங்கினால் நீண்ட சுரங்க நடை காத்திருக்கும். வரைபடம் ஒரு புள்ளியாகக் காட்டினாலும் அவை ஸ்ட்ராண்டும் டிரஃபால்கர் ஸ்கொயருமாக இருந்த இரண்டு நிலையங்கள். அடுத்த நிறுத்தமான எம்பேங்க்மென்டில் மாறினால் சில படிகளோடு முடிந்துவிடும். சுவரோவியம் பார்க்க வந்தவர்கள் நடக்கலாம். பேக்கர்லூ மேடையில் தேசிய ஓவியக்கூடத்துப் படங்களைப் பார்த்துவிட்டு, நடைபாதையில் நேரே வந்து நார்தர்ன் மேடையில் இறங்கினால், கொத்தர்கள் இடதுபக்கச் சுவரிலும் வலதுபக்கச் சுவரிலும் வேலை செய்துகொண்டிருப்பார்கள். இரண்டு மேடைகளையும் பார்க்க வேண்டும். கதை இரண்டிலும் பரவியிருக்கிறது.